பதில் ஸலாம்

ஆளில்லாத வீட்டுக்குள் நுழையும்போதும் ஸலாம் சொல்வது கச்சிமுகம்மதுவின் வழக்கம். அன்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு, அவருடைய விடுதியைப் படமெடுக்க வந்தவர்களின் கமராவுக்காக அதையே செய்தபோது, உள்ளேயிருந்து பதில் வந்தது.

ஹெட்போன் மாட்டி ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்த நேசராசாவுக்குத்தான் அது கேட்டது.

"என்ன காக்கா, ராத்தாவை உள்ளுக்க ஒளிச்சு வச்சிருக்கிறீங்களோ? வடிவா பதில் வருகுது."

படம் எடுத்துக்கொண்டிருந்த யோசப் சிரித்தான். கச்சிமுகம்மதுவும் சிரித்தார். அவன் ராத்தா என்ற அவருடைய மனைவி ஸகியா கல்முனையில் இருந்தாள். பொழுதுபட, தோணியில் சோறு கொண்டு வருவாள்.

எழுபத்தெட்டுச் சூறாவளி அவருடைய தென்னந்தோட்டத்தைச் சாய்த்தது. அதன்பிறகு களப்பு நீரின் நடுவிலிருந்த இந்தச் சிறு திட்டில், ஒரு மரத்தையும் வெட்டாமல், களிமண்ணாலும் தென்னங்கிடுகாலும் ஓய்வு விடுதியொன்றைக் கட்டினார். அந்தக் கதைதான் படம். "இஞ்ச கிடந்ததை வச்சே கட்டினன். ஒண்டையும் நோகடிக்கல்ல" என்று காலையில் கமராவைப் பார்த்துச் சொல்லியிருந்தார்.

"இன்னொருக்கா எடுப்பம்" என்றான் யோசப்.

காற்று விழுந்திருந்தது. தில்லை மரங்களின் கசப்பு மணமும் சேற்றின் அழுகல் மணமும் மூக்கில் ஏற, வாசலுக்கு நடந்தார். படியாகப் போட்டிருந்த இரண்டு கற்களும் பகல் முழுக்க வெயில் குடித்தும் உள்ளங்காலில் கிணற்றுத் தண்ணீராய்க் குளிர்ந்தன. வாயைத் திறந்தார்.

அதற்கு முன்பே பதில் வந்துவிட்டது. மண் அடைத்த தொண்டையிலிருந்து வருவதுபோல.

"வஅலைக்குமுஸ்ஸலாம்."

கீழே பார்த்தார். நீளமான, தலை வளைந்த கற்கள். தில்லைக்கடியில் ஓர் ஆள் நீளம் இடைவிட்டு நிமிர்ந்து நின்றவற்றை விடுதி கட்டும்போது அவர்தான் பிடுங்கி வந்தார். படிக்கு அளவாயிருக்கிறதே என்று சந்தோசப்பட்டாரே தவிர, ஒரு கபுறின் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் நடும் மீசான் கற்களோ என்று நினைக்கவில்லை. இறந்தவர்களை அடக்கிய எந்த மையவாடியைக் கடந்தாலும் ஸலாம் சொல்லாமல் போகாத மனிதர், இவற்றை மிதித்துப் போய் வந்திருக்கிறார்.

"தம்பி, படத்த நிப்பாட்டுங்க. இதுகள எடுத்த இடத்தில வைக்கணும்."

அலவாங்கால் முதற்கல்லை நெம்பினார். அவருடைய வெள்ளி மோதிரம் கல்லில் உரசியது. நேசராசா மறுமுனையைத் தூக்கினான். தலைமாட்டில் அதை நட்டதும், சூரியன் இறங்குவதைப் படம் பிடிக்க யோசப் அவனைத் திட்டின் மறுபக்கம் கூட்டிப் போனான்.

தனியே நின்ற கச்சிமுகம்மது கால்மாட்டுப் பக்கம் போனார். மெல்லிய குரலில் கபுறுக்கு ஸலாம் சொன்னார்.

பதில் இல்லை. நெஞ்சு கொஞ்சம் ஆறியது. மற்றக் கல்லையும் கொண்டுவந்து விட்டால் போதும்.

துடுப்புச் சத்தம். ஸகியா.

"அஸ்ஸலாமு அலைக்கும்! இஞ்சருங்க, சோறு ஆறப்போகுது!"

"வஅலைக்குமுஸ்ஸலாம். உள்ளுக்க வா புள்ள."

விடுதிக்குள்ளிருந்து. அவருடைய குரல்.

போகாதே என்று கத்த முயன்றார். வாய் திறந்தது. சத்தம் இல்லை. நாக்கில் மண்.

ஓடப் பார்த்தார். கால் வரவில்லை. கணுக்கால் மண்ணில் புதைந்தது. பிறகு முழங்கால். இரண்டாவது கல் நின்ற குழியில் அவர் நின்றார்.

ஸகியா படியில் மிச்சமிருந்த கல்லில் ஏறினாள். இருட்டிலிருந்து ஒரு கை நீண்டு சோற்றுப் பாத்திரத்தை வாங்கியது. விரலில் அவருடைய வெள்ளி மோதிரம்.

"கையேன் இப்பிடிக் குளிருது?" என்று சிரித்துக்கொண்டே அவள் உள்ளே போனாள்.