சிவப்புக் காரும் சாம்பல் மணலும்

"இதுல இருக்கிறது எம் மகன்தான். ஆனா இவன் எங்க நிக்கிறான்னு நீங்கதான் கண்டுபிடிச்சுச் சொல்லணும்" என்று ஹமீதா பானு ஒரு புகைப்படத்தை மேஜையில் வைத்தார்.

தஞ்சாவூரில் ரெத்தினத்தின் துப்பறியும் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் மாப்பிள்ளை விசாரிக்க வருபவர்கள். பெற்ற மகனையே விசாரிக்கச் சொல்லி ஒரு தாய் வந்தது அந்த 2006 தை மாதத்தில்தான் முதல் தடவை. அதே அறையின் மறுபாதியில் கல்யாண ஆல்பம் வடிவமைக்கும் வானதி, தன் கம்ப்யூட்டரை விட்டுவிட்டு எழுந்து வந்தாள். துப்பறிவதில் இருக்கும் ஆர்வத்தில் பாதி தொழிலில் இருந்திருந்தால் அவள் இந்நேரம் சொந்தக் கட்டடம் கட்டியிருப்பாள்.

படத்தில் ஒரு கார் பளீரென்று சிவப்பாக நின்றது. மற்றதெல்லாம் கறுப்பு வெள்ளை. காரின் முன்பக்கம் சாய்ந்து நின்ற இளைஞன் சாம்பல் நிறத்தில் இருந்தான். அவன் காலடியில் வரிவரியாக மணல். பின்னணி முழுவதும் மங்கலாக்கப்பட்டிருந்தது.

"பேரு ஃபஹத். துபாய் போயி ரெண்டு வருஷமாச்சு. போறதுக்கு முன்னாடி கும்பகோணத்துல ஒரு ஸ்டூடியோவுல ஆல்பம் வேலை பார்த்தான். கம்பெனியில கார் குடுத்திருக்காங்கன்னு இந்தப் படத்தை மெயில்ல அனுப்பினான். அவன் அத்தாவுக்குத் தலைகால் புரியல. பாபநாசத்துல நெல் கமிஷன் கடை வச்சிருக்காரு. அங்க பெருசாக்கி மாட்டிட்டாரு. ஃபிரேமுக்குள்ள அடங்கலன்னு கீழ்ப்பாதிய வெட்டச் சொல்லிட்டாரு. இது வெட்டாத படம்."

"இதுல உங்களுக்கு என்னம்மா சந்தேகம்?"

"போன் பேசுறான், குரல்ல உசிரு இல்ல. வெள்ளிக்கிழமை இவனை நம்பி இன்னொரு புள்ள பாஸ்போர்ட்டைக் குடுக்கப்போகுது. எம் மக தஹ்மீனாவுக்குப் பேசியிருக்கிற மாப்பிள்ளையோட தம்பி, ஷஹ்பாஸ். ஃபஹத்தை அனுப்பின அதே ஏஜென்ட்டுக்கிட்டத்தான். இந்தப் படத்தைப் பார்த்துட்டு இருந்த வேலையையும் விட்டுடுச்சு. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அந்த வீட்டுக்குப் போவேன்?"

அவர் போனதும் வானதி படத்தைப் பிடுங்காத குறையாக எடுத்துக்கொண்டாள்.

"துபாய்தான் சார். ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கு பாருங்க."

"சட்டைப் பாக்கெட் எந்தப் பக்கம் இருக்கு?"

வானதி பார்த்தாள். பாக்கெட் வலது மார்பில் இருந்தது. "படத்தை இடம் வலமாத் திருப்பிப் போட்டிருக்கான்!"

"அப்போ ஸ்டியரிங் நிஜத்துல வலது பக்கம். சரி, ஒரு பொருளுக்கு மட்டும் கலரை வச்சுட்டு மத்ததை எப்படி எடுக்கிறது?"

"மவுஸைப் பிடிச்சுக் காரோட ஓரமா புள்ளி புள்ளியா வச்சுக்கிட்டே வரணும் சார். சுத்தி முடிச்சதும் எறும்பு ஊர்ற மாதிரி ஒரு கோடு ஓடும். அதுதான் செலெக்ஷன். அதுக்கு வெளியில இருக்கிறதுக்கெல்லாம் கலரை எடுத்துட வேண்டியதுதான். இவன் நல்ல கைகாரன். ஓரமெல்லாம் சுத்தமா இருக்கு."

"காரைச் சுத்திக் கோடு போட்டா, கார் மேல தெரியுற பிரதிபலிப்பு?"

"அதுவும் உள்ள வந்துடும்." சொல்லும்போதே அவள் பூதக்கண்ணாடியை எடுத்தாள். காரின் பானெட்டில் பச்சைக் கீற்றுகள் தெரிந்தன. "ஈச்ச மரமா இருக்கலாமே சார்?"

"ஈச்ச ஓலை விறைச்சு நிக்கும். இது தொங்குது, தென்னை. இப்ப மணலைப் பாரு. காத்து வரைஞ்ச மணலா இது? ரெண்டு ரெண்டா வரி, ஒரு பாத அகலம். ஓரத்துல வண்டி ஏறாம இருக்கச் செங்கல் வேற வரிசையா வச்சிருக்கு."

வானதி வாய் திறந்தபடி நின்றாள். தார்ச் சாலையில் பாதியை அடைத்து நெல்லைக் கொட்டி, காலாலேயே கிண்டிக் கிண்டிக் காயவைக்கும் ஊரில் பிறந்தவள். மஞ்சள் நிறம் போனதும் அவளுக்கே நெல் மணலாகத் தெரிந்துவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறாள். நெல்லையே மறைத்தவனை இப்போதுதான் பார்க்கிறாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"சம்பா அறுவடை, பக்கத்துலயே தென்னந்தோப்பு. பட்டுக்கோட்டைப் பக்கம் முதல்ல தேடலாம்" என்றார் ரெத்தினம். "இந்த வேலை தெரிஞ்ச, போட்டோ பிரிண்ட் போடுற கலர் லேப் அங்க எத்தனை இருக்கப்போகுது? விசாரி."

"லேப்ல ஏன் சார் தேடணும்? காசு குடுத்து யாருகிட்டயாவது செய்ய வச்சிருக்கலாமே?"

"உன்கிட்ட ஒருத்தன் தன் படத்தைக் குடுத்தா முதல்ல யாரைச் சுத்திக் கோடு போடுவே?"

"அவனைத்தான்."

"இதுல காருக்குக் கலர் இருக்கு, ஆளுக்கு இல்ல. தன்னைப் பார்க்கவே கூசுறவன்தான் தன்னைக் கோட்டுக்கு வெளியில விடுவான். இது அவனே செஞ்சது."

மறுநாள் ஹமீதா பானுவையும் கூட்டிக்கொண்டு பட்டுக்கோட்டையில் அவர்கள் ஏறிய இரண்டாவது லேபிலேயே ஃபஹத் இருந்தான். யாரோ ஒரு மணப்பெண்ணின் பட்டுப்புடவையைச் சுற்றிப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தான். ரெத்தினத்துக்குப் பின்னால் தன் தாய் நிற்பதைப் பார்த்ததும் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

"பம்பாயோட விட்டுட்டுப் போயிட்டாம்மா அந்த ஏஜென்ட். விசா பொய். தெருவே கூடி வழியனுப்பிச்சே, எந்த மூஞ்சியோட திரும்பி வருவேன்? அந்தக் கார் எங்க லேப் முதலாளியோடது."

"ஷஹ்பாஸும் அவன்கிட்டத்தான் போறான்டா" என்றார் ஹமீதா பானு.

அது அவனுக்குத் தெரியாது. தெரிந்ததும், மூடியிருந்த கையை எடுத்துவிட்டு எழுந்தான். அவனுக்கு அழவும் கூச்சமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் பாபநாசத்தில் ஃபஹத்தின் தகப்பனார் மூஸாவின் கடையில் எல்லோரும் கூடினார்கள். சுவரில் அந்தப் பெரிய படம் தொங்கியது. அதன் கீழே ஷஹ்பாஸ் பிளாஸ்டிக் உறையில் பாஸ்போர்ட்டோடு உட்கார்ந்திருந்தான். தாய்க்குப் பின்னால் ஃபஹத் படியேறி வந்தபோது மூஸா தலையைக் குனிந்துகொண்டார்.

ஃபஹத் எதையும் மறைக்கவில்லை. ஏஜென்ட், பம்பாய், பட்டுக்கோட்டை, நெல் எல்லாவற்றையும் ஷஹ்பாஸின் முகத்தைப் பார்த்தே சொன்னான்.

"நல்லவேளை, மூஸா பாய்க்கும் இப்பவாவது தெரிஞ்சுதே" என்றாள் வானதி.

"பாய்க்கு முன்னாடியே தெரியும்" என்றார் ரெத்தினம்.

ஹமீதா பானு திரும்பிக் கணவரைப் பார்த்தார்.

"துபாய்ல இருக்கிற மகன் திடீர்னு வாசல்ல வந்து நின்னா எந்தத் தகப்பனும் எப்ப வந்தேன்னுதான் கேப்பான். நீங்க கேக்கல. அப்புறம் இந்த ஃபிரேம். இவ்வளவு பெரிய சுவருல அடங்காதது என்ன இருக்கு? காரும் பாதிச் சக்கரம் வரைக்கும் இருக்கு, ஆளும் முழங்கால் வரைக்கும் இருக்கான். வெட்டினது அந்தத் தரையை மட்டும்தான். நெல்லைக் கடிச்சுப் பார்த்தே ஈரம் சொல்றவரு நீங்க."

மூஸா மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்த துண்டை முகத்திலிருந்து எடுக்கவில்லை.

"பார்த்த அன்னிக்கே தெரிஞ்சுது. கலரை எடுத்தா நெல்லு எனக்கு நெல்லு இல்லாமப் போயிடுமா? கடைக்கு வர்ற விவசாயிங்களும் கண்டுபிடிச்சுடுவாங்கன்னுதான் வெட்டினேன். மக நிக்காஹ் நல்லபடியா முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

"என்னைப் பத்தி நினைக்கலையா மாமா?" என்றான் ஷஹ்பாஸ். அவன் குரலில் கோபம்கூட இல்லை.

"தினம் நினைச்சேன் தம்பி. வாயைத் திறந்தா மானம் போயிடுமேன்னு இருந்துட்டேன். எம் புள்ள விழுந்த குழின்னு தெரிஞ்சும் உன்னைப் போகவிட்டேன்."

ஷஹ்பாஸ் பாஸ்போர்ட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தான். "எங்க அண்ணன்கிட்ட நான் என்னன்னு சொல்றது?"

"நீ சொல்ல வேணாம். நான் வந்து சொல்றேன். கல்யாணம் நின்னாலும் நிக்கட்டும்" என்று மூஸா எழுந்தார். செருப்பைக்கூடப் போடாமல் வாசலில் இறங்கினார். கடைக்கு எதிரே சாலையில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. அதன் ஓரமாக ஷஹ்பாஸ் முன்னால் நடக்க, மூஸா பின்னால் போனார்.

ஹமீதா பானு ஸ்டூலில் ஏறிப் படத்தைக் கழற்றினார்.

"இதோட கலர் படம் இருக்கா? அழிச்சுட்டியா?"

"இருக்கும்மா" என்றான் ஃபஹத்.

"அதை முழுசா எடுத்துட்டு வா. உனக்கும் கலர் இருக்கணும், கீழ நெல்லும் தெரியணும். இதே ஆணியிலதான் மாட்டணும்" என்றார். "இப்ப அவரு பின்னாடி ஓடு. உங்க அத்தா மாப்பிள்ளை வீட்டு வாசல்ல தனியா நிப்பாரு."