நாத்துணை

ரசம் உருண்டையாக மிதந்து வந்தது. பெரிய நெல்லிக்காய் அளவு இருக்கும். உள்ளே ஒரு மல்லித்தழை மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. நாற்காலியோடு வார் போட்டுக் கட்டியிருந்த பொன்னுராஜ் கழுத்தை நீட்டி அதை லபக்கென்று கவ்வினார்.

"அடடா! இந்தப் புளிப்பு இருக்கே மக்ளே, நேரா உச்சந்தலைக்குல்லா ஏறுது!"

அவர் காதுக்குப் பின்னால் புளியங்கொட்டை மாதிரி ஒட்டியிருந்த சுவைப்பதிவி பச்சையாக மின்னியது. நாக்கும் மூக்கும் மூளைக்கு என்ன சொல்கின்றனவோ, அதை அப்படியே எழுதிக்கொள்ளும் கருவி அது.

எதிரே உட்கார்ந்திருந்த மகள் ஜெனோவா எதையும் தொடவில்லை. மறுநாள் காலை அவள் கப்பல் ஏறுகிறாள். வியாழனைச் சுற்றும் யூரோப்பா நிலவுக்கு. போய்ச் சேரவே ஆறு வருடம் ஆகும், வழியெல்லாம் சத்துக்கூழ்தான். பயண ஊசி போட்டதில் அவள் நாக்கு மரத்துக் கிடந்தது, ருசி திரும்ப ஒரு மாதம் ஆகுமாம். அதனால் ஒவ்வொரு பயணிக்கும் வீட்டு ஆள் ஒருவர் கடைசி விருந்தைச் சாப்பிட்டு, அந்தச் சுவையைப் பதிந்து கையில் கொடுத்து அனுப்புவார். அவருக்குப் பெயர் நாத்துணை. ஒருவருக்கு ஒரே பதிவுதான். முத்திரையிட்டபின் அதைக் கப்பலில்தான் திறக்கலாம்.

ஏறுதுறைக்குப் பக்கத்திலேயே இருந்தது தேரிக்கரைக் கேளிக்கைநகர். அந்தக் குடும்பம் வருடம் தவறாமல் கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்து தங்கும் இடம். அங்கே அவர்களுக்கென்று கடலடி, செம்மணல், மிதவை என்று மூன்று உணவகங்கள் இருந்தன. கடலடியில் கண்ணாடிக் கூரைக்கு மேலே திருக்கை நீந்திப் போகும், அதன் நிழல் உங்கள் நண்டுத் தட்டில் விழும். செம்மணலில் தேரிக்காட்டுச் சிவப்பு மணலைச் சூரிய ஆடியால் காய்ச்சி, அதற்குள் கோழியைப் புதைத்துச் சுடுவார்கள். இந்த மிதவைக் கூடத்தில் எடையே கிடையாது, சாப்பாடுதான் உங்களைத் தேடி வரும். ஊருக்குக் கிளம்பும்போது பொன்னுராஜ் வண்டியில் ஏறி நின்று, "இந்த வருஷம் முதல் பரிசு..." என்று ஆரம்பிப்பார். அவர் போடும் வரிசைதான் எல்லாருக்கும் வரிசை.

எந்த உணவகம், யார் நாக்கு என்று காலையில் ஒரு சண்டையே நடந்திருந்தது.

"என்னைய ஏன் இழுக்க? அம்மா சாப்பிடட்டும்," என்று பொன்னுராஜ் நழுவப் பார்த்தார்.

"ஆமா, நான் சாப்பிடுதேனே," என்று ரெஜினாவும் உடனே முன்னே வந்தாள்.

"அம்மா நாக்கு வேண்டாம்ட்டி," என்றான் அண்ணன் ஆன்றோ. "யூரோப்பா வரைக்கும் உப்புக் கம்மி உப்புக் கம்மின்னு சொல்லிட்டே வரும்."

"உனக்கு வாய் மட்டும் நல்லா நீளுதுல," என்று ரெஜினா அவன் தோளில் ஒரு அடி வைத்தாள்.

ஜெனோவா சிரிக்கவில்லை. "அப்பா நாக்குதான் வேணும். உங்கள மாதிரி ரசிச்சுத் திங்க யாரால முடியும்? மிதவைக்குப் போவோம். அங்க இருக்க ஒவ்வொன்னும் எனக்கு வேணும்ப்பா. வேற எதையும் நான் கொண்டு போக முடியாதுல்லா."

அதற்குமேல் அவரால் மறுக்க முடியவில்லை.

ரசத்துக்குப் பின் முறுக்கிய அப்பளச் சுருள்கள் வந்தன, பட்டாம்பூச்சிக் கூட்டம் போல. சுடுசோறு மேகமாக வந்தது. மிளகு போட்ட இறால்கள் வரிசையாக நீந்தி வந்தன. கடைசியில் பாயசம், முத்து முத்தாக. ஒவ்வொன்றுக்கும் பொன்னுராஜ் கண்ணை மூடினார், தலையை ஆட்டினார், மகளைப் பார்த்துப் பேசினார். பக்கத்து மேசைக்காரர்கள் தங்கள் சாப்பாட்டை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரெஜினா மட்டும் நிமிரவே இல்லை.

செவ்வாயின் சுற்றுப்பாதையைத் தாண்டும்வரை ஜெனோவா பதிவைத் திறக்காமல் வைத்திருந்தாள். பிறகு ஒரு நாள் கூழ்த்தட்டின் முன் உட்கார்ந்து, அதைக் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டாள்.

ஒரு உருண்டை நாக்கில் உடைந்தது. இளஞ்சூடு பரவியது. அவ்வளவுதான். புளிப்பு இல்லை, உப்பு இல்லை, மல்லி வாசம் இல்லை. அப்பளம் நொறுங்கியது, ஆனால் அது ஓலை நொறுங்குவது போல இருந்தது. இறால் வந்தபோது சுரீரென்று காரம் மட்டும் தெரிந்தது. காரம் சுவையில்லை, எரிச்சல். அது வேறு நரம்பு வழியாகப் போவது. பாயசம் வழவழவென்று தொண்டைக்குள் இறங்கிப் போனது.

கருவிப் பொறுப்பாளர் சஃபியா காயல்பட்டினத்துப் பெண். பதிவியைப் பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி மூடினாள்.

"கருவி நல்லாத்தான் இருக்கு புள்ள. சாப்பிட்டவருக்குத்தான் ருசியும் வாசனையும் தெரியல. இன்னைக்கு நேத்து இல்ல, நரம்பு ரொம்ப காலமா ஓஞ்சு கெடக்கு."

ஜெனோவா வீட்டுக்குச் செய்தி அனுப்பினாள். ரெஜினாவின் குரல் அத்தனை தூரம் கடந்து வந்தது.

"நீ பள்ளிக்கூடம் சேந்த வருஷம் உங்கப்பாவுக்கு ஒரு காய்ச்சல் வந்து போச்சுல்லா, அதுல போனது மக்ளே. பிள்ளைங்க சாப்பிடும்போது அவரு மூஞ்சியப் பாத்துப் பாவப்படக் கூடாதுன்னு, என்னைய சொல்ல விடல. அவரு தட்டப் பாக்க மாட்டாரு. உங்க ரெண்டு பேரு மூஞ்சியத்தான் பாப்பாரு. எதத் தின்னும்போது உங்க கண்ணு விரியுதோ அதுக்கு முதல் பரிசு. அன்னைக்கு உனக்கும் நாக்கு மரத்துக் கெடந்துது, உன் மூஞ்சியப் பாத்துச் சொல்லவும் வழியில்ல. மனுசன் பாவம், நெனவுல இருந்தே அம்புட்டையும் பேசினாரு."

ஜெனோவா சன்னலருகே போய் நின்றாள். அவர் சொல்லித்தான் அந்தப் புளிப்பு தனக்குப் பிடித்தது என்று இத்தனை காலம் நினைத்திருந்தாள். தன் முகத்தைப் பார்த்துத்தான் அவர் சொல்லியிருக்கிறார். அப்படியானால் அந்த ருசி முதலில் யார் நாக்கில் பிறந்தது? வெளியே நட்சத்திரங்கள் கொட்டிக் கிடந்தன. இந்தக் கேள்வி அவற்றைவிடப் பெரிதாக இருந்தது அவளுக்கு.

இரண்டாம் வருடத்தில் கப்பலில் ஒரு நோய் பரவியது. நோய் என்றால் உடம்புக்கு இல்லை. எல்லாருடைய பதிவுகளும் சலித்துவிட்டன. எத்தனை முறை போட்டாலும் அதே உப்பு, அதே இனிப்பு, அணு பிசகாமல் அதே மணம். மூளை அதை மனப்பாடம் செய்துவிட்டு, சுவரைப் பார்ப்பது போலப் பார்க்கத் தொடங்கிவிட்டது. சஃபியாவின் அக்கா, அவள் சொல்லும் லாத்தா, ரசித்துத் தின்று அனுப்பிய கல்யாண வீட்டுக் களறிக்கறியும் அப்படித்தான் செத்துப்போனது.

ஜெனோவாவின் பதிவு மட்டும் சாகவில்லை. அதில் சலிக்க என்ன இருக்கிறது? சூடு இருந்தது, நொறுங்கல் இருந்தது, உருண்டை உடைவது இருந்தது. மிச்சத்தை அவள் போட்டுக்கொண்டாள். ஒரு நாள் தக்காளி, ஒரு நாள் எலுமிச்சை, ஒரு நாள் பெயரே இல்லாத ஒரு புளிப்பு.

"ஒரு தடவ தா," என்று சஃபியா வாங்கி ஒட்டிக்கொண்டாள். முதல் உருண்டை உடைந்ததும் அவள் உடம்பு நிமிர்ந்தது.

"யா அல்லாஹ்... எங்க உம்மா நோன்புக்குக் காய்ச்சுற கஞ்சி!"

அடுத்து வாங்கிய பஞ்சாபி மாலுமி கடுகுக்கீரை என்றான். அவனுக்கு அடுத்தவன் அழுதான். பிறகு கூழ் நேரத்தில் ஜெனோவாவின் அறை வாசலில் வரிசை நின்றது.

செய்தி பூமிக்கும் போயிற்று. யூரோப்பாவின் பனி ஒரு வெள்ளைப் புள்ளியாகக் கண்ணில் பட்ட வாரம், ரெஜினாவிடமிருந்து பதில் வந்தது.

"கேட்டியா கதைய? நாக்கு நல்லா இருக்கவங்கள இப்ப யாரும் நாத்துணைக்குக் கூப்பிடுறது இல்ல. கேளிக்கைநகர்க்காரன் ருசி தெரியாதவங்களா ஊர் ஊராத் தேடுதான். சிலரு வேணும்னே நாக்க மரக்க வச்சுட்டு வந்து நிக்காங்க. உங்கப்பாவுக்கு வாசல்ல வண்டி நிக்கி. கடலடி, செம்மணல், மிதவைன்னு மூணு எடத்துலயும் சண்ட, எங்ககிட்ட வாங்கன்னு. நாக்க சொகமாக்க மருந்து வந்துட்டு, வேண்டாம்னுட்டாரு. அந்த மருந்து குடுக்க வந்த டாக்டரு மகளே அடுத்த கப்பல்ல போறா, அவளுக்கும் இவருதான் சாப்பிடப் போறாரு. சாப்பிடப் போறதுக்கு முன்னால, எதத் தின்னா அந்தப் பிள்ளைக்குக் கண்ணு விரியும்னு அவ ஆத்தாகிட்ட போயிக் கேட்டுட்டு இருக்காரு."