நெய்த்திரி அணையும் வரை

மேற்கே செவ்வானம் இன்னும் முழுவதும் மங்கவில்லை. அதற்குள் என்ன அவசரமோ, கிழக்கே பூரணச் சந்திரன் புன்னை மரங்களுக்கு மேலே எழுந்து வந்து, வெள்ளாற்றின் மணல் திட்டுக்களையும் அவற்றினிடையே நெளிந்தோடிய நீரையும் வேங்கைக் கோட்டையின் கருங்கல் மதில்களையும் ஒரே வெள்ளி நிறமாக்கிக்கொண்டிருந்தான். வேறொரு காலமாயிருந்தால் அந்த நேரத்தில் ஓடக்காரர்களின் பாட்டு கேட்டிருக்கும். அன்று கேட்டதெல்லாம் அக்கரையில் முற்றுகையிட்டிருந்த மழவர் பாசறைக் குதிரைகளின் கனைப்புத்தான்.

ஆற்றுவாசலை ஒட்டிய மண்டபத்தை நோக்கி உமைநங்கை தனியாக நடந்து வந்தாள். கோட்டைக்குள் அம்மன் கோயிலில் பூத்தொடுப்பவள் என்று ஊரார் அவளை அறிந்திருந்தார்கள். மதகுக் காவலன் சேந்தனின் மனைவி என்றும் அறிந்திருந்தார்கள். பொழுது விடிந்தால் அந்தச் சேந்தனின் தலை தரையில் உருளும். அவன் செய்ததாகச் சொல்லப்பட்ட குற்றம் இதுதான்: அகழி நீரை வடிக்கும் மதகை இரவில் திறந்துவிட்டான், வற்றிய அகழி வழியே மழவர் புகுந்தனர், வீரர் பலர் மாண்டு, மதகும் உடைந்த பிறகே அவர்களை விரட்ட முடிந்தது.

அன்பார்ந்த வாசகர்களே, ஒளிப்பானேன்? மதகைத் திறந்தவள் உமைநங்கைதான். மழவர் அனுப்பிய உளவுக்காரி அவள். அன்றிரவே கோட்டை வீழும், சேந்தனின் உயிருக்குத் தீங்கில்லை என்று அக்கரையிலிருந்து வாக்குறுதி பெற்ற பிறகே மதகின் பலகையில் கை வைத்தாள். கோட்டை வீழவில்லை. பழி கணவன் தலையில் விழுந்தது.

மண்டபத்தில் அமர்ந்திருந்த மௌனத் துறவியை விழியடிகள் என்று அழைப்பார்கள். பகலெல்லாம் மூடியிருக்கும் அவர் கண்கள் அந்தியில் சற்று நேரம் திறக்கும். அவர் பாட்டுக்குத் திறப்பார், அவர் பாட்டுக்கு மூடுவார். கோட்டைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அதையே நியாய சபையாக்கிவிட்டார்கள். ஒரு நெய்த்திரி எரிந்து முடியும் வரை அடிகளின் விழிகளை நோக்கி, பார்வையைத் தாழ்த்தாமல் இருப்பவர் குற்றமற்றவர், அப்படி நோக்கியபடி சொல்லும் சொல் சத்தியம், தாழ்த்தியவர் குற்றவாளி. இதற்கு விழிச்சான்று என்று பெயர். முந்தின நாள் சேந்தன் அமர்ந்தான். அடிகள் கண் திறந்ததுமே தலை குனிந்துகொண்டான். தோற்றவருக்காக அவருடைய உறவில் ஒருவர் மறுநாள் அந்தியில் அமரலாம். அவரும் தோற்றால் இருவருக்கும் ஒரே தண்டனை.

"பெண்ணே, நன்றாக யோசித்தாயா?" என்று கேட்டார் கோட்டைத் தலைவர் வயிரமேகத் தரையர். கண்டிப்பானவர், ஆனால் கல்நெஞ்சர் அல்லர். "இரண்டு உயிர் போவதில் எனக்குச் சம்மதமில்லை."

"அவர் இல்லாத உயிரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன், தரையரே? திரியை ஏற்றச் சொல்லுங்கள்."

தூணோடு பிணைக்கப்பட்டிருந்த சேந்தன், "உமை, வேண்டாம்! திரும்பிப் போ!" என்று கதறினான். அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்த்தால் கால் தடுமாறிவிடும் என்று பயந்தாள்.

அவளிடம் ஒரு வித்தை இருந்தது. எதிரில் இருப்பவரின் புருவ மத்தியை நோக்கினால், கண்ணுக்குக் கண் பார்ப்பது போலவே மற்றவர்களுக்குத் தோன்றும். ஒற்றர்களுக்கு முதலில் கற்றுத்தருவது இதைத்தான். அடிகள் கண் திறந்தார். உமைநங்கை அவருடைய புருவங்களுக்கு நடுவே இருந்த சந்தனப் பொட்டைப் பற்றிக்கொண்டாள். திரி எரிந்தது. கால் பங்கு போயிற்று, பாதி போயிற்று. சுற்றி நின்றவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஜெயித்துவிடுவோம் என்று அவளுக்குத் தைரியம் வந்துவிட்டது.

தைரியம் வந்ததுதான் வினையாயிற்று. இத்தனை பேரை நடுங்க வைக்கும் கண்களில் அப்படி என்னதான் இருக்கிறது என்று பொட்டிலிருந்து அவர் விழிகளுக்குப் பார்வையை இறக்கினாள்.

நெருப்பை எதிர்பார்த்தாள், அங்கே நெருப்பு இல்லை. கோபமோ, சோதனையோ, ஏளனமோ எதுவும் இல்லை. அவள் செய்ததெல்லாம் அறிந்த ஒருவர், அறிந்த பிறகும், "வா அம்மா, உள்ளே வந்து உட்கார்" என்று அழைப்பது போலிருந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். இதைத் தாங்க முடியவில்லை. அகழிக்கரையில் மாண்டு கிடந்தவர்களின் முகங்கள் நினைவுக்கு வந்தன. அவர்களில் ஒருவன் தினமும் அவளிடம் மல்லிகைச் சரம் வாங்கிப் போகிறவன். கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. ஆனால் ஆச்சரியம், பார்வையைத் தாழ்த்த அவளுக்கு மனம் வரவில்லை. பயம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். பயம் அப்படியே இருந்தது. பொய் மட்டும் அந்த இடத்தில் நிற்க மாட்டாமல் ஓடிப்போயிற்று.

"மதகைத் திறந்தவள் நான்" என்றாள்.

கூட்டம் திகைத்தது. "வாயை மூடு உமை! அவள் பித்துப் பிடித்துப் பேசுகிறாள், தரையரே!" என்று சேந்தன் கயிறு அறுந்துவிடும்போல் திமிறினான்.

"மழவர்கோன் மகள் நான். பூக்காரி போலக் கூந்தலை முடித்துக்கொண்டு பூக்கூடையோடு இங்கே வந்தேன். உடைந்த மதகு வழியாக என் தந்தை இன்றும் வருவார். நிலவு உச்சிக்கு ஏறும் முன் வருவார். என் கணவர் குற்றமற்றவர்."

சொல்லி முடித்தாள், திரி சுடர்ந்து அணைந்தது. அதுவரை அவள் இமை தாழவேயில்லை. அடிகள் வழக்கம்போலக் கண்களை மூடிக்கொண்டார்.

தரையர் அணைந்த திரியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். விழிச்சான்றில் வென்றவளை எப்படித் தண்டிப்பது? தானே ஒப்புக்கொண்ட உளவுக்காரியை எப்படி விடுவது? கடைசியில் சேந்தனிடம் திரும்பி, "குற்றமற்ற நீ நேற்று ஏனடா தலை குனிந்தாய்?" என்று சீறினார்.

"அன்றிரவு மதகடியில் இவளைக் கண்டேன், ஐயா. கண்டும் வாய் திறக்கவில்லை. அதை நெஞ்சில் மூடி வைத்துக்கொண்டு அந்தக் கண்களை என்னால் பார்க்க முடியவில்லை."

உமைநங்கை அப்போதுதான் அவனைப் பார்த்தாள். எல்லாம் தெரிந்தும் தனக்காகச் சாகத் துணிந்தவனை ஏமாற்று வித்தையாலல்லவா காப்பாற்ற வந்தோம் என்று எண்ணியபோது அவளுக்கு நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. அக்கரையில் மழவரின் கொம்பு ஒலித்தது. அவள் கண்களைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள்.

"தரையரே, விடிந்ததும் என் தலையை எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது என்னை உடைந்த மதகின் மேல் நிறுத்துங்கள்."

"மகளுக்காக மழவர்கோன் படையைத் திருப்புவார் என்றா நம்புகிறாய்?"

"அறியேன். என் தந்தை பிடிவாதக்காரர். ஆனால் இந்த வெள்ளாற்றின் மேல் ஆணை! நான் திறந்த வழியை நானே அடைப்பேன். மழவர் படை இக்கோட்டைக்குள் நுழைவதாயிருந்தால், என் உடலை மிதித்துக்கொண்டுதான் நுழைய வேண்டும்."

அவளுக்கு வழிவிடும்படி தரையர் காவலருக்குச் சைகை காட்டினார். பிறகு தம் உடைவாளால் சேந்தனின் கட்டுக்களை அறுத்தார். "வழக்கப்படி நீ விடுதலை. வீட்டுக்குப் போ, அப்பா."

உமைநங்கை மதகை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தாள். சேந்தன் மரத்துப்போன கைகளைத் தேய்த்துவிட்டுக்கொண்டு அவளையே பார்த்தான்.

"என் வீடு அதோ நடந்து போகிறது, தரையரே" என்று சொல்லிவிட்டு, அவளை எட்டிப் பிடிக்க ஓடினான்.