வெள்ளி முகத்து அப்பா

இந்தக் காலத்து ஆட்களை எனக்குப் புரியவே இல்லை. பயப்படுவதற்கென்றே உட்கார்ந்து படம் பார்க்கிறார்கள். தெருநாய் உறுமினால் ஓடுகிறவன், போனில் பேயைத் தேடிப் பிடித்துப் பார்க்கிறான். அதிலும் சாதாரணப் பேய் போதாதாம். பார்த்தவர்களை அதிகம் பயமுறுத்திய படம் எதுவோ, அதுதான் வேண்டுமாம்.

எதிர் வீட்டு மாரிசெல்வியும் அதைத்தான் செய்தாள். ஐந்தாம் வகுப்புப் படிக்கிறாள். அவள் வகுப்பில் நசிமா என்று ஒரு பிள்ளை, "அந்தப் படத்த நான் முழுசாப் பாத்தேன். பயப்படவே இல்ல" என்று பெருமை அடித்தாளாம். இவள் விட்டுக்கொடுப்பாளா?

தீபாவளிச் சீசன். அம்மா மாடத்தி தீப்பெட்டி ஆபீசுக்கும், அப்பா முத்துப்பாண்டி பட்டாசுக் கம்பெனிக்கும் போய்விட்டார்கள். கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. அதனால் அப்பாவின் போன் வீட்டில்தான் கிடக்கும். மாரிசெல்வி தம்பி எழிலை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் படத்தைப் பார்த்துவிட்டாள். எழிலுக்கு ஐந்து வயது.

படத்தில் ஒரு பேய். வெள்ளி மாதிரி மினுமினுக்கிற முகம். அது ஒரு வீட்டுக்குள் வந்து, குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும். திரும்பி வரும்போது அந்த வீட்டு அப்பா மாதிரியே வரும். குரலும் அவர் குரல்தான். வீட்டில் யாருக்கும் தெரியாது. பார்க்கிறவர்களுக்கு மட்டும் தெரியும்.

இதையெல்லாம் உட்கார்ந்து யோசித்தவன் எவன் என்று தெரியவில்லை. அவனுக்கு வேறு வேலை இல்லையா?

முத்துப்பாண்டிக்குக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கிற வேலை. அலுமினியப் பவுடர் பறந்து மேலெல்லாம் ஒட்டும். ஆள் வெள்ளிச் சிலை மாதிரி ஆகிவிடுவான். குளித்துவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். மருந்தோடு வீட்டுக்கு வரக்கூடாது, அது ஆபத்து. பிள்ளைகள் ஒருநாளும் அவனை அந்தக் கோலத்தில் பார்த்ததில்லை.

அன்றைக்குப் பார்த்து கம்பெனியில் மோட்டார் ரிப்பேர். தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு அப்படியே வந்துவிட்டான். பொழுது இறங்குகிற நேரம். வாசலில் வெள்ளி முகத்தோடு நின்று, "ஏலே எழிலு" என்று கூப்பிட்டிருக்கிறான்.

எழில் போட்ட அலறலில் எனக்குக் கையிலிருந்த காப்பி கொட்டிவிட்டது.

முத்துப்பாண்டி பதறிப்போய்க் குளியலறைக்குள் ஓடிக் கதவைச் சாத்தினான். தேய்த்துக் குளித்துவிட்டு, சுத்தமாக, பழைய அப்பாவாக வெளியே வந்தான். எழில் முன்னைவிடப் பெரிதாக அலறினான்.

"அது அப்பா இல்ல! அப்பா மாதிரி இருக்கு!"

மறுநாளும் அப்படித்தான். அதற்கு அடுத்த நாளும் அப்படித்தான். அப்பா உள்ளே வந்தால் பையன் அம்மாவின் சேலைக்குள் ஒளிவான். அப்பா பக்கத்தில் உட்கார்ந்தால் சோறு இறங்காது. வாங்கி வந்த சேவுப் பொட்டலத்தைக்கூடத் தொடவில்லை.

"நானேதாம்லே. உங்கப்பன்" என்று முத்துப்பாண்டி கெஞ்சுவான்.

"படத்துலயும் அது அப்படித்தான் சொல்லுச்சு" என்பான் எழில்.

முத்துப்பாண்டி தட்டை எடுத்துக்கொண்டு வாசல்படிக்குப் போய்விடுவான்.

சனிக்கிழமை மாரிசெல்வி என் வீட்டுக்கு வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"வெள்ளைத்துரை தாத்தா, அப்பா ஆனைக்குட்டத்துக்குப் போறாகளாம். மாமா வீட்ல தங்கி, அங்கன இருந்தே வேலைக்குப் போவாகளாம். தம்பிக்குப் பயம் தெளியற வரைக்கும் வர மாட்டாகளாம். நாளைக்கு அரைநாள் வேலை முடிஞ்சு, மத்தியானம் துணிப்பையை எடுக்க வருவாக."

"நல்லதுதான. பய நிம்மதியாச் சாப்பிடுவான்."

"அப்பா சாப்பிடுவாகளா?"

"உன் தம்பிய முதுகுல ரெண்டு போட்டாச் சரியாப் போகும்" என்றேன்.

"அடிச்சா இன்னும் பயப்படுவான் தாத்தா. படத்தக் காட்டுனது நானு. அவன எதுக்கு அடிக்கணும்?" என்னையே உற்றுப் பார்த்தாள். "நீங்க எதுக்குப் பயப்படுவீக?"

"நான் ஒண்ணுக்கும் பயப்பட மாட்டேன்."

"சும்மா சொல்லாதீக."

"ஏட்டி, லாரி லாரியா வெடி லோடு ஏத்துனவன் நான். பேயாம், பேயி!"

அவள் நான் சொன்னதைக் காதில் வாங்கவே இல்லை. எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா கதவச் சாத்திக்கிட்டுல்ல குளிச்சாக" என்றாள் மெதுவாக. "வெள்ளி முகம் உள்ள போச்சு. அப்பா முகம் வெளிய வந்துச்சு. நடுவுல என்ன நடந்துச்சுன்னு தம்பி பாக்கவே இல்ல."

"அதுக்கு?"

"பாக்க வைக்கணும் தாத்தா."

"மறுபடியும் உங்கப்பன மருந்தோட வரச் சொல்லப் போறியாக்கும்? கம்பெனியில விடுவாகளா? அடுப்புப் பக்கம் ஒரு பொறி பட்டா என்ன ஆகும்?"

"அது வேண்டாம். அப்பா குளிச்சிட்டே வரட்டும்" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் வீட்டு வேப்பமர நிழலில், நான் உட்கார்ந்திருந்த பெஞ்சில் கடை விரித்தாள். முகத்துக்குப் போடுகிற பவுடர், கண் மை, தேங்காய் எண்ணெய், கிழிந்த துண்டு, ஒரு கண்ணாடி. எழில் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எழிலு, நாம ஒரு பேய் செய்வமா? நீதான் செய்யணும். என் முகத்துல பவுடரப் பூசு."

"மாட்டேன். அப்புறம் நீயும் மாறிருவ."

அவள் முகம் சுருங்கிவிட்டது. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. பையன் சுற்றிலும் பார்த்தான். கடைசியில் விரலை என் பக்கம் நீட்டினான்.

"தாத்தாவுக்குப் பூசு. தாத்தா மாறுனாப் பரவால்ல."

"ஏலே!" என்று எழுந்தேன்.

"தாத்தா, தாத்தா, உக்காருங்க" என்று மாரிசெல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்கதான் ஒண்ணுக்கும் பயப்பட மாட்டீகள்ல?"

வகையாக மாட்டிக்கொண்டேன். உட்கார்ந்தேன்.

முதலில் அவள் பூசினாள். பிறகு அவன் ஒரு விரலால் தொட்டுப் பார்த்தான். பிறகு ரெண்டு கையாலும் அப்பினான். மூக்கில் போன பவுடரில் எனக்குத் தும்மல் வந்தது. கண்ணைச் சுற்றி மையால் வட்டம் போட்டான். வாயோரம் ரெண்டு பல் வரைந்தான்.

மாரிசெல்வி கண்ணாடியை என் முன்னால் நீட்டினாள். நான் திடுக்கிட்டுப் பின்னால் சாய்ந்தேன். பெஞ்சு ஆடிப்போய்விட்டது.

எழில் கெக்கெக்கே என்று சிரித்தான். இந்த வாரத்தில் அந்தச் சத்தம் எங்கள் தெருவில் கேட்கவே இல்லை.

"இப்ப எண்ணெயத் தொட்டுத் துடை" என்றாள் அக்கா.

துடைத்தான். நெற்றி வந்தது. மூக்கு வந்தது. கன்னத்துச் சுருக்கம் வந்தது.

"தாத்தாதான்!" என்றான்.

"பின்ன யாருலே?"

அப்போதுதான் பார்த்தேன். தெருமுனையில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு முத்துப்பாண்டி நின்றான். எப்போது வந்தானோ? மகன் வீட்டுக்குள் போகட்டும், பிறகு போய் வாசலோரத்துப் பையை எடுக்கலாம் என்று நின்றிருக்கிறான். சொந்தத் தெருவில் திருடன் மாதிரி ஒதுங்கி நின்றான்.

"அப்பா, இங்கன வாங்க!" என்று மாரிசெல்வி கூப்பிட்டாள்.

எழிலின் சிரிப்பு நின்றது. என் வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

முத்துப்பாண்டி வந்து, தள்ளியே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். கம்பெனியிலேயே குளித்துத் தலை சீவியிருந்தான். ஆனால் அந்தப் பவுடர் லேசில் போகாது. காது மடிப்பிலும் நகக் கண்ணிலும் மினுமினுவென்று ஒட்டியிருந்தது.

"எழிலு, அப்பா காதுல பாரு. கொஞ்சம் மிச்சம் இருக்கு. நீ துடைச்சாத்தான் போகும்" என்றாள் மாரிசெல்வி.

அவன் அசையவில்லை. முத்துப்பாண்டி தரையையே பார்த்துக்கொண்டு தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் காட்டினான்.

எழில் என் வேட்டியை விட்டான். எண்ணெய்த் துண்டை எட்ட நீட்டி, காதைத் தொட்டுவிட்டு வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டான். துண்டைப் பார்த்தான். அதில் வெள்ளியாக ஒரு தீற்றல்.

"அக்கா, வருது!"

"வருதுல்ல? இன்னும் துடை."

கிட்டே போனான். ஒரு காதைத் துடைத்தான். மறு காதைத் துடைத்தான். காதுக்குப் பின்னால் முத்துப்பாண்டிக்கு ஒரு மரு உண்டு. தோளில் தூக்கி நடக்கும்போதெல்லாம் எழில் அதைத்தான் பிடித்துத் திருகிக்கொண்டு வருவான். இப்போதும் திருகினான்.

"ஆ! வலிக்குதுலே!" என்றான் முத்துப்பாண்டி.

எழில் அக்காவைப் பார்த்தான். "பேய்க்கு வலிக்குமா?"

"பேய்க்கு வலிக்குமான்னு தெரியல. அப்பாவுக்கு வலிக்கும்."

அவன் இன்னொரு முறை திருகிப் பார்த்தான். அப்புறம் தோளில் ஏறிக்கொண்டான். முத்துப்பாண்டி அவன் காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். "எண்ணெய் கண்ணுல பட்டுருச்சு" என்றான். எண்ணெய் காதில்தான் இருந்தது. போகட்டும்.

மாரிசெல்வி வீட்டுக்குள் போய், வாசலோரம் கட்டி வைத்திருந்த துணிப்பையை அவிழ்த்துச் சட்டைகளைக் கொடியில் போட்டுவிட்டு வந்தாள். தம்பியைக் கை கழுவ அனுப்பினாள். பிறகு போனோடு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தாத்தா, அந்தப் படம் எடுத்ததையே ஒரு வீடியோவாப் போட்டிருக்காக. பாருங்க, அந்தப் பேயி ஒரு அக்காதான். வெள்ளிச் சாயத்தப் பூசிக்கிட்டுச் சிரிக்காக, பாத்தீகளா? எல்லாம் வேஷம்."

உற்றுப் பார்த்தேன்.

"இவ வேஷம், சரி. இவளுக்குப் பின்னால கண்ணாடியில ஒருத்தன் நிக்கானே, அவன் யாரு?"

"அது கேமரா பிடிக்கிற ஆளு தாத்தா."

"அப்படின்னு அவன் உன்கிட்டச் சொன்னானா?"

"தாத்தா!"

"முகமே தெரியல. கேமராக்காரனாம்!"

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்துவிட்டேன். முகத்தில் மிச்சப் பவுடர் பிசுபிசுத்தது, கழுவ வேண்டும். வீட்டில் குளியலறை இருக்கிறதுதான். ஆனால் வெளிச்சத்தில் நாலு பேர் நிற்கிற தெருக் குழாய்க்கு என்ன குறை? அந்தப் பக்கமாகவே நடந்தேன்.