ஹெலினாவில் காணாமல் போன பல்பு

காலை 8.20. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத் தலைநகர் ஹெலினா. சட்டமன்றத்தின் குழு அறையில் மேஜை விளக்கு இருந்தது. அதில் மாட்டியிருந்த பல்பைக் காணோம்.

பல்புப் பட்டறை நடத்தும் லோர்னா ஹாகன் தொப்பென்று உட்கார்ந்தாள். மொன்டானாவிலேயே செய்து மொன்டானாவிலேயே விற்கும் குண்டு பல்புக்கு, நாடு முழுக்க வாஷிங்டன் மத்திய அரசு போட்ட குண்டு பல்புத் தடை செல்லாது என்று ஒரு மசோதா. ஒன்பது மணிக்கு குழுவின் முன் அதன் மேல் விசாரணை. அப்படியொரு பல்பை இங்கே செய்ய முடியும் என்பதற்கு அவளிடமிருந்த ஒரே அத்தாட்சி அது. மசோதா விழுந்தால் அவள் பட்டறைக்குப் பூட்டுதான்.

"காப்பி வாங்கப் போனேன். அதுக்குள்ள போச்சு."

"அஞ்சு நிமிஷம் முன்னாடி எரிஞ்சிட்டிருந்ததே. ராத்திரி பூரா எரிஞ்சுது," என்றார் சபைக் காவலர் டெல்மர் ட்வைட். மாஜி போலீஸ்காரர். அந்த ஐந்து நிமிஷத்தில் தாழ்வாரத்தில் அவர் பார்த்தது இருவரைத்தான்.

முதல் ஆள் ராயிஸ் பெண்டர்காஸ்ட். பெரிய விளக்குக் கம்பெனிகளுக்காக மசோதாவை எதிர்ப்பவர். கையில் தோல் கையுறை.

"உள்ளே போனீங்களா?"

"போனேன். முறைச்சுப் பார்த்தேன். வந்துட்டேன்."

"எடுக்கலையே?"

"எதுக்குய்யா? நான் பேசியே அதை அணைச்சிடுவேன்."

இரண்டாவது ஆள் டானர் வெல்டி. இருபத்துநான்கு வயது. மசோதா கொண்டுவந்த உறுப்பினரின் உதவியாளன். வெளியே முழங்கால் அளவு பனி; அவனோ ஐஸ் நிரம்பிய கிளாஸை இறுகப் பிடித்திருந்தான்.

"நான் உள்ளேயே போகல சார். எங்க மசோதாவை நானே கெடுப்பேனா?"

"இந்தக் குளிர்ல ஐஸா தம்பி?"

"பழக்கம் சார்."

"ராயிஸைப் பிடிங்க," என்று லோர்னா சீறினாள்.

டெல்மர் நகரவில்லை. "தம்பி, கிளாஸை வெச்சிட்டு கையைக் காட்டு."

மூன்று விரல் நுனிகளில் கொப்புளம்.

"ராயிஸ் என் வயசுக்காரர். எரியற பல்புன்னா முதல்ல துணியைத் தேடற ஆளுங்க நாங்க. அவர்கிட்ட கையுறை வேற இருக்கு. உனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லேருந்து கை சுடாத எல்.இ.டி.தான். இதுவும் அப்படித்தான்னு வெறுங்கையை வெச்சுட்டே."

டானரின் கோட்டுப் பையில், மஃப்ளருக்குள் பல்பு பத்திரமாக இருந்தது. ராயிஸ் வாதாடும் கம்பெனி ஒன்றில் வேலை தருவதாக யாரோ ஆசை காட்டியிருந்தார்கள்.

"எனக்குத் தெரியாதுப்பா," என்றார் ராயிஸ். அவர் முகம் சுண்டிப்போயிற்று.

ஒன்பது மணிக்கு பல்பு எரிந்தது. ராயிஸ் எழுந்தார்.

"தலைவர் அவர்களே, இந்த பல்புக்குப் போற கரண்ட்ல முக்கால்வாசிக்கு மேல சூடாத்தான் போகுது. எல்லாம் வீண்."

வாசலிலிருந்து டெல்மர் தொண்டையைச் செருமினார்.

"இன்னைக்கு வீணாப் போகலைங்க."

அறை முழுக்கச் சிரித்தது. லோர்னா தன் பல்பின் பக்கத்தில் கைகளை நீட்டிக் குளிர்காய்ந்தாள்.