லோவீசேயின் புது முகவரி

கணினியில் தெரிந்த எண்ணும் கைபேசியில் வந்த எண்ணும் வேறு வேறு என்பதை, ரகசியக் குறியீட்டை அழுத்திய பிறகுதான் ஆர்கோ பார்த்தான்.

இறந்துபோன மனைவி எனேலியின் தொலைபேசி இணைப்பை ரத்து செய்ய உட்கார்ந்திருந்தான். எஸ்தோனியாவில் எல்லாக் கையெழுத்தும் இப்படித்தான்: கைபேசி அதிரும், இரண்டு எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்துக் குறியீட்டை இட வேண்டும். அலுத்துப்போனவர்கள் பார்ப்பதில்லை. அடக்கம் முடிந்ததிலிருந்து அவன் எதையுமே சரியாகப் பார்க்கவில்லை.

வெளியே பிற்பகலிலேயே இருட்டிவிட்டது. சூடேற்றும் குழாய்கள் சுவருக்குள் முனகின, அடுப்பில் பட்டாணி சூப் ஆறிக்கொண்டிருந்தது, அந்த மணத்துக்கு அடியில், தரை கல்லாய் உறைந்து கிடக்கும் இந்த மாதத்தில், புதிதாகக் கிளறிய மண்ணின் வாசனை மெல்லப் பரவியது.

எதற்குக் கையெழுத்திட்டோம் என்று அரசுத் தளத்தில் தேடினான். மகள் லோவீசேயின் வசிப்பிட மாற்றம். பெற்றோர் இருவரின் ஒப்புதலும் தேவை. விண்ணப்பித்தவர்: தாய். புது முகவரி: ஊர்க்கோடி இடுகாடு. இரண்டு கையெழுத்தும் செல்லும்.

உதவி எண்ணை அழைத்தான். எடுத்த பெண்ணின் குரலிலும் அலுப்பு. யாரோ எனேலியின் பெயரில் ஏமாற்றுகிறார்கள் என்றான்.

"இறந்தவங்களோட கையெழுத்துச் சான்றிதழ் உடனே ரத்தாயிடுங்க. இது ரத்தாகல. அவங்க இப்பதான் கையெழுத்துப் போட்டிருக்காங்க."

"அவள நான்தாங்க புதைச்சேன்."

மறுமுனையில் தட்டச்சு ஓசை நின்றது.

"நீங்களும் ஒத்துக்கிட்டிருக்கீங்களே. எண்ணைப் பாத்துட்டுப் போட்டிருக்கக் கூடாதா?"

திரும்பப் பெற வேண்டுமானால் தாயும் கையெழுத்திட வேண்டும் என்றாள். மாற்றம் இன்றே நடைமுறைக்கு வருமாம்.

நடையில் லோவீசே யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். ஐந்து வயதின் கிசுகிசுப்பு. சிரிப்பு. அங்கியின் ஜிப் ஏறும் ஓசை. அதை அவளுக்குத் தானாகப் போடத் தெரியாது.

"அப்பா, தொப்பி வேணாமாம். உள்ள குளிராதாம்."

எழுந்தான். கைபேசி விழுந்தது. நடைக்கு ஓடினான். மண் வாசனை அங்கே அடர்ந்திருந்தது.

வாசற்கதவு திறந்திருந்தது. படிக்கட்டு இருட்டு.

லோவீசே நிலைப்படியில் நின்றாள். ஒரு கை இருட்டுக்குள் உயர்ந்திருந்தது. அந்தச் சின்னக் கையுறை, யாரோ இறுகப் பிடித்ததுபோல், நசுங்கியிருந்தது.