டம்ளரில் நின்ற கரண்டி

டம்ளருக்குள் கரண்டி சாயாமல் நட்டுக்குத்தலாக நின்றது.

பல்செட் செய்பவனுக்குப் பழகிய காட்சிதான். வாயில் அச்செடுக்கும் ரோஸ் நிறப் பொடியைத் தண்ணீரில் குழைத்து இரண்டு நிமிஷம் விட்டால், பற்பசை வாசனையோடு ரப்பராக இறுகிக் கரண்டியை இப்படித்தான் கவ்விக்கொள்ளும். ஆனால் இது பட்டறை இல்லை, சமையலறை. டம்ளரும் அக்காவுடையது.

போனில் புகார் கேட்கும் வேலையில் எட்டு வருஷம் ஊரார் திட்டையெல்லாம் விழுங்கி, அக்காவின் கழுத்தும் தாடையும் கல்லாகிப் போயிருந்தன. மருந்துக்கடைக்காரர் ஓர் அமினோ அமிலப் பொடி கொடுத்தார். "மந்திரமெல்லாம் இல்லம்மா. சிலருக்கு உடம்பு தானா தளர உதவலாம், அவ்வளவுதான்." பத்தே நாளில் தோள் இறங்கியது. தம்பியைத் திட்டுவதுகூடக் குறைந்தது; அப்போதே அவன் சுதாரித்திருக்க வேண்டும். பொட்டலம் கிழிந்ததென்று, பட்டறையின் காலி டப்பா ஒன்றில் அதைக் கொட்டி வைத்தவனும் அவன்தான்; அச்சுப்பொடி டப்பாவும் அதே அலமாரியில், அதே நிறத்தில் இருந்தது.

"அக்கா, எந்த டப்பால எடுத்தே?"

"நீ வச்சதுதான்டா. இன்னிக்கு ரோஸ் கலர்ல இருந்துச்சு. ருசி தேவலை."

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு மூச்சு அடைத்தது. அவளைப் பாத்திரம் கழுவும் தொட்டிமேல் குனியவைத்து முதுகில் தட்டினான். சேற்றிலிருந்து காலை உருவுவதுபோல் தொண்டைக்குள் ஒரு சத்தம். மூக்கிலும் வாயிலும் கயிறுகயிறாகக் கோழை. பிறகு விரல் நீளத்துக்கு ஒரு கட்டி தொட்டியில் விழுந்து, ஒருமுறை துள்ளி அடங்கியது.

தொழில் புத்தி விடவில்லை. எடுத்துப் பார்த்தான். வெதுவெதுப்பு. வழவழப்பு. இடுக்கில் காலையில் மென்ற இட்லித் துணுக்கு. ஆனால் அருமையான அச்சு: அடிநாக்கின் ஒவ்வொரு சிறு புடைப்பும் பதிந்திருந்தது, உள்நாக்கின் பள்ளம்கூட.

அதற்கும் கீழே, குழிகள்.

வளைவாக. வரிசையாக. முன்பக்கம் எட்டு. பின்பக்கம் எட்டு.

பல் பதிந்தால் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியாதா? தொண்டையில் பல் கிடையாது என்பதும் தெரியும். அத்தனையும் கூர். ஒன்றுகூடத் தேயவில்லை.

"ரொம்ப லேசா இருக்குடா," என்றாள் அக்கா.

திரும்பினான். நாற்காலியில் துணிமூட்டைபோல் சரிந்திருந்தாள். தாடை நெஞ்சைத் தொட்டது. எச்சில் வழிந்தது. எட்டு வருஷமாக இறுகியிருந்த எல்லாம் தளர்ந்துவிட்டது. இறுக்கி மூடி வைத்திருந்ததும்.

"இன்னும் கொஞ்சம் கலக்கு."

அவள் உதடு அசையவில்லை. நாக்கும் அசையவில்லை.

அதன் பின்னால், தொண்டை இருட்டில், புதுப் பல்செட் மாட்டியவர்கள் கடித்துப் பார்ப்பதுபோல், மெதுவாக.

டக்.

டக்.